ஹாபிட்: கதைப்புத்தகம் கம்ப்யூட்டர் கேம் ஆன கதை



நம் பள்ளியில் கம்ப்யூட்டர் கேம் விளையாடாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். கதைப்புத்தகம் படிப்பவர்களும் இருக்கிறார்கள் (கொஞ்சம் கம்மிதான், லைப்ரரி ரிஜிஸ்டரைப் பார்த்தாலே தெரியும்). ஆனால் ஒரு கதைப்புத்தகத்தை எடுத்து அதையே கேமாக மாற்றினால் உள்ளே என்னென்ன நடக்கும்? எது கேமுக்குள் போகும், எது போகாமல் வெளியே நிற்கும்? இதைப் பாடமாகப் படிக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1982-இல் வந்த ‘தி ஹாபிட்’ என்கிற கேம். பழசுதானே என்று நினைத்து அடுத்த ஷீட்டுக்குப் போயிடாதீங்க. பழசு என்பதால்தான் அதன் எலும்பும் நரம்பும் வெளியே தெரிகிறது. இன்றைய கேம்களில் கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

முதலில் புத்தகம்

‘தி ஹாபிட்’ நாவலை எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். புத்தகம் 1937 செப்டம்பர் 21 அன்று வெளியானது. அதை அச்சிடலாமா வேண்டாமா என்று பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் யாரிடம் கேட்டார் தெரியுமா? தன் மகன் ரேனரிடம். அப்போது ரேனருக்கு வயது 10. கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, நல்லா இருக்கு என்று ரேனர் ஒரு சின்ன அறிக்கை எழுதிக் கொடுத்தான். கூலி ஒரு ஷில்லிங். நம்ம அஞ்சாங்கிளாஸ் பையன் ஒருவன் சரி என்று சொன்னதால் உலகத்துக்குக் கிடைத்த புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கதை இதுதான். பில்போ பேகின்ஸ் ஒரு ஹாபிட். மனிதரில் பாதி உயரம், பாதத்தில் ரோமம், வேளாவேளைக்குச் சாப்பாடு, வீட்டை விட்டு நகரப் பிடிக்காது. ஒருநாள் காண்டால்ஃப் என்ற மந்திரவாதியும் 13 குள்ளர்களும் அவர் வீட்டில் வந்து இறங்கிவிடுகிறார்கள். குள்ளர்களின் தலைவர் தோரின். அவர்களுடைய மலையையும் புதையலையும் ஸ்மாக் என்ற டிராகன் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே படுத்திருக்கிறது. அதை மீட்கப் போகும் கூட்டத்துக்குத் திருடன் வேலைக்கு ஆள் வேண்டும். திருடியே பழக்கமில்லாத பில்போவை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வழியில் பூதங்கள், காப்ளின்கள், இருட்டுக் குகையில் கோல்லம், போட்டால் ஆள் மறைந்துபோகும் மோதிரம், ராட்சதச் சிலந்திகள், எல்ஃப் அரசனின் சிறை. அங்கிருந்து காலிப் பீப்பாய்க்குள் ஒளிந்து ஆற்றில் மிதந்து தப்பிக்கிறார்கள். கடைசியில் டிராகன்.

கேம் செய்ய இதைவிடத் தோதான கதை உண்டா? ஒரு இடம், அங்கே ஒரு ஆபத்து, அதைத் தாண்டினால் அடுத்த இடம். கோர்த்து வைத்த மாதிரியே இருக்கும். சிக்கல் எங்கே என்றால், நாவலில் ஒவ்வொரு விஷயமும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விதமாகத்தான் நடக்கிறது. பில்போ கதவைத் திறந்தார் என்று டோல்கீன் எழுதினால் கதவு திறந்தது, அவ்வளவுதான். கேமில் விளையாடுகிற பையன் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால்? காண்டால்ஃபையே அடிக்கப் போனால்? வரைபடத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டால்? எழுத்தாளர் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேம் எழுதுகிறவர் சொல்லியாக வேண்டும்.

48 கிலோபைட்டுக்குள் ஒரு உலகம்

அந்த கேம் ஓடிய கம்ப்யூட்டர்களில் பேர் போனது சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982-இல் பிரிட்டனில் வந்தது. ரப்பர் பட்டன் வைத்த கீபோர்டுதான் கம்ப்யூட்டரே. வீட்டு டிவிதான் ஸ்கிரீன். புரோகிராமை டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டு ஏற்ற வேண்டும். கீச்கீச்சென்று சத்தம் வரும், அஞ்சு நிமிஷம் போல ஆகும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்களேன். இந்த கேமுக்கு ஸ்பெக்ட்ரமில் கிடைத்த நினைவகம் 48 கிலோபைட், அதாவது 49,152 பைட். அதில் ஸ்கிரீனில் காட்டுவதற்கே 6,912 பைட் போய்விடும். மீதி 42,240 பைட். ‘தி ஹாபிட்’ நாவலில் சுமார் 95,000 சொற்கள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், சொல்லுக்குச் சராசரி ஐந்தரை எழுத்து (இடைவெளி சேர்த்து) என்று வைத்தால்கூட ஐந்து லட்சம் பைட்டைத் தாண்டும். அதாவது புத்தகத்தின் வெறும் எழுத்தை மட்டும் கொட்டினாலும் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போகாது. அதற்குள் புரோகிராமும் இருக்க வேண்டும், படங்களும் இருக்க வேண்டும். படம் என்றால் முதலில் கோடு கோடாக வரையும், பிறகு கலர் நிரப்பும். ஒவ்வொரு தடவையும் நம் கண் முன்னாலேயே.

ஆக, கதையைச் சுருக்கி உள்ளே வைப்பது நடக்காத காரியம். வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர் வெரோனிகா மெக்லர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த மாணவி. பகுதி நேர வேலைக்கு விளம்பரம் பார்த்துப் போனார். அந்த நிறுவனத்தின் பெயர் பீம் சாஃப்ட்வேர். முதலாளி ஆல்ஃப்ரெட் மில்கிரோம் கொடுத்த வேலை ஒரே வரி: இதுவரை வந்ததிலேயே சிறந்த அட்வென்சர் கேம் ஒன்றை எழுது. மெக்லர் தன்னோடு படித்த ஃபிலிப் மிட்செலையும் சேர்த்துக்கொண்டார். டோல்கீன் தரப்பிடம் நிறுவனம் முறையாக அனுமதி வாங்கியது. (கதையை எடுக்கும்போது கேட்டு எடுக்க வேண்டும். இதை யாருக்குச் சொல்கிறேன் என்று சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.)

அதற்கு முன்னால் மெக்லர் விளையாடியது 1970-களில் வந்த ‘அட்வென்சர்’ என்ற கேம். குகைக்குள் போய் வரும் ஆட்டம், எல்லாம் எழுத்திலேயே. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை முடித்துவிட்டால் அடுத்த தடவையும் அதே குகை, அதே பதில். அந்த அலுப்பிலிருந்துதான் அவருடைய யோசனை பிறந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி நடக்க வேண்டும். அதற்குக் கதையை எழுதி வைக்கக் கூடாது, கதை நடக்கிற உலகத்தை எழுதி வைக்க வேண்டும்.

இதுதான் பாடத்தின் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரணமாக என்ன செய்வோம்? “கயிறை எடுத்தால் இது நடக்கும், வாளை எடுத்தால் அது நடக்கும்” என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விதி எழுதுவோம். ஐம்பது பொருள் இருந்தால் ஐம்பது விதி. நினைவகம் காலி. மெக்லர் ஒவ்வொரு பொருளுக்கும் சில குணங்களை மட்டும் கொடுத்தார். எவ்வளவு கனம், எவ்வளவு பெரிசு, திறக்கலாமா, உடையுமா, உள்ளே எதையாவது வைக்கலாமா. விதிகள் பொதுவானவை. கனம் உன் பலத்துக்குள் இருந்தால் தூக்கலாம். அளவு பெட்டியைவிடச் சின்னதாக இருந்தால் உள்ளே போகும். அதே விதி வாளுக்கும் பொருந்தும், கதவுக்கும் பொருந்தும், பீப்பாய்க்கும் பொருந்தும். ஆளுக்கும்கூடப் பொருந்தும்! காப்ளின் சிறையில் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, பில்போ குட்டை. என்ன செய்யலாம்? தோரினிடம் “என்னைத் தூக்கிக்கோ” என்று சொல்லலாம். ஏனென்றால் கம்ப்யூட்டரின் கணக்கில் பில்போவும் தூக்கக்கூடிய ஒரு கனம்தான். இதே விதியால் விபரீதமும் நடந்தது. செத்துப்போன ஆளைத் தூக்கி அடுத்தவரை அடிக்க முடிந்தது. அதை யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை, பொதுவிதி தானாக அங்கே கொண்டுபோய் விட்டது. மெக்லர் பின்னாளில் பேட்டிகளில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறார்.

இயற்பியல் சார் நடத்துவதும் இதேதானே. ஆப்பிளுக்கு ஒரு விதி, நிலாவுக்கு ஒரு விதி என்று இல்லை.

தோரின் பாட்டுக்குப் பாடுவார்

பொருள்களுக்குக் குணம் கொடுத்தாயிற்று. ஆள்களுக்கு? அங்கேதான் இந்த கேம் பேர் வாங்கியது. இதில் காண்டால்ஃபும் தோரினும் காப்ளின்களும் பொம்மை மாதிரி நிற்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டிய காரியங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்று இப்போது முடியாவிட்டால் அடுத்ததுக்குப் போவார்கள். நீங்கள் ஒன்றும் டைப் செய்யாமல் சும்மா இருந்தால்கூட, கொஞ்ச நேரத்தில் காலம் கடந்தது என்று ஸ்கிரீனில் வரும். உலகம் தன்பாட்டுக்கு நகரும். காண்டால்ஃப் திடீரென்று காணாமல் போவார், திரும்பி வருவார், கையில் இருப்பதை வாங்கி இதென்ன என்று கேட்பார். தோரின் சீக்கிரம் கிளம்பு என்று அவசரப்படுத்துவார். அப்புறம் உட்கார்ந்துகொண்டு தங்கத்தைப் பற்றிப் பாட ஆரம்பித்துவிடுவார். பூதம் வருகிறது, உயிர் போகிற நேரம், இவர் பாடிக்கொண்டிருப்பார்! அந்தக் காலத்தில் விளையாடியவர்கள் எல்லாரும் இன்றுவரை ஞாபகம் வைத்திருப்பது இந்தப் பாட்டைத்தான்.

உதவி கேட்டால் செய்தாலும் செய்வார்கள், முடியாது என்றாலும் என்பார்கள். இதில் நஷ்டமும் உண்டு. நீங்கள் ஒரு இடத்தில் இருக்கும்போது, உங்களுக்கு அவசியம் தேவைப்படும் ஆள் வேறெங்கோ சண்டையில் செத்துப்போயிருக்கலாம். அதற்கப்புறம் எவ்வளவு முயன்றாலும் கேமை முடிக்க முடியாது. சிலர் இதைப் பிழை என்றார்கள். என் அபிப்பிராயம் வேறு. நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், பில்போ எல்லாவற்றையும் தனியாகச் சாதிப்பதில்லை. டிராகனைக் கொல்வதுகூட அவர் இல்லை. அதன் நெஞ்சில் செதில் இல்லாத ஒரு இடத்தைப் பில்போ பார்த்து வைக்கிறார், அந்தச் செய்தி பார்ட் என்ற வில்லாளியின் காதுக்கு எட்டுகிறது, அவன் அம்பு விடுகிறான். மற்ற கேம்களாக இருந்தால் ஹீரோவிடமே வில்லைக் கொடுத்திருப்பார்கள். இதில் நீங்கள் பார்டிடம் போய், டிராகனைச் சுடு என்று சொல்ல வேண்டும். அவன் கேட்க வேண்டும். சொற்களை உள்ளே கொண்டுபோக இடம் இல்லாவிட்டாலும், பில்போவின் அந்த நிலைமையை இந்தப் பெண் உள்ளே கொண்டுபோய்விட்டார் என்றே நினைக்கிறேன்.

குறைத்தவையும் நிறைய. 13 குள்ளர்களில் தோரின் மட்டும்தான் கூட வருவார். நாவலில் பூதங்கள் மூன்று, கேமில் இரண்டு. நாவலில் காண்டால்ஃப் மறைந்திருந்து குரல் மாற்றிப் பேசி, பூதங்களுக்குள் சண்டை மூட்டிவிட்டு விடிய வைப்பார். சூரியன் வந்ததும் அவை கல்லாகிவிடும். படிக்கும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிற இடம். கேமில் வேறிடத்தில் ஒதுங்கி, விடிகிறவரை காத்திருந்தால் போதும். சிரிப்பு போச்சு, சூரியன் மட்டும் மிச்சம்.

வேற்றுமை உருபும் கம்ப்யூட்டரும்

இது தமிழ் ஐயா படிக்க வேண்டிய பகுதி. அந்தக் கால எழுத்து கேம்கள் பலவற்றில் இரண்டே சொல்லில்தான் கட்டளை கொடுக்க முடியும். “எடு விளக்கு”, “போ வடக்கு”, அவ்வளவுதான். மிட்செல் எழுதிய பகுதி முழு வாக்கியத்தைப் புரிந்துகொண்டது. மொழியியல் தெரிந்த ஸ்டூவர்ட் ரிச்சி என்பவரும் அதற்கு உதவினார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இங்லிஷ்’. எழுத்துப்பிழை இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்தது. வாளால் பூதத்தைத் தாக்கு, பெட்டியிலிருந்து கயிற்றை எடு, இன்னாரிடம் இதைச் சொல் என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதலாம்.

ஆங்கிலத்தில் எது ஆயுதம், எது அடி வாங்குவது என்பதைச் சொல் நிற்கும் வரிசையும், முன்னால் வரும் சின்னச் சொற்களும்தான் காட்டுகின்றன. வரிசை மாறினால் அர்த்தம் மாறிவிடும். நம் மொழியில் இதையே எழுதினால்? “வாளால் பூதத்தை வெட்டு”, “பூதத்தை வாளால் வெட்டு”. இரண்டும் ஒன்றுதான். ‘ஆல்’ வந்தால் மூன்றாம் வேற்றுமை, அது ஆயுதம். ‘ஐ’ வந்தால் இரண்டாம் வேற்றுமை, அது அடி வாங்குவது. கம்ப்யூட்டர் சொல்லின் வாலைப் பார்த்தால் போதும், நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற உருபுகளுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது.

ஆனால் ரொம்பச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். “கயிறு” என்பது “கயிற்றை” ஆகிவிடும், “மரம்” என்பது “மரத்தை” ஆகிவிடும், “வீடு” “வீட்டை” ஆகிவிடும். வாலை வெட்டினால் மிஞ்சுவது “கயிற்ற்”, “மரத்த்”, “வீட்ட்”. அகராதியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. எந்தச் சொல் எப்படித் திரியும் என்று கம்ப்யூட்டருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பாடமும் நம் இலக்கணப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

எது வெளியே நின்றது

கேசட்டோடு அந்தப் பெட்டிக்குள் ‘தி ஹாபிட்’ நாவலையும் சேர்த்தே வைத்து விற்றார்கள். இது சும்மா இலவச இணைப்பு இல்லை. வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் புத்தகத்தைப் புரட்டி, பில்போ அங்கே என்ன செய்தார் என்று பார்த்துக்கொள்ளலாம். கேம் வந்ததால் புத்தகம் படிக்கிற பழக்கம் போச்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே கேம் ஜெயிக்கப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது.

அப்படித் திறந்து கடைசிவரை படித்தவர்களுக்கு ஒன்று தட்டுப்பட்டிருக்கும். கேமில் நீங்கள் எவ்வளவு சாதித்தீர்கள் என்பதைச் சதவீதமாகக் காட்டும். டிராகன் செத்து, புதையலை எடுத்துக்கொண்டு பத்திரமாக வீடு திரும்புவதுதான் முடிவு. நாவல் அங்கே முடிவதில்லை. டிராகன் செத்த பிறகுதான் அசல் சிக்கல் ஆரம்பிக்கிறது. டிராகன் எரித்த ஏரி நகரத்து மக்கள் வீடில்லாமல் வந்து பங்கு கேட்கிறார்கள். எல்ஃப் படையும் வந்து நிற்கிறது. தோரின் ஒரு காசு தர மாட்டேன் என்கிறார். தங்கம் அவர் தலைக்கு ஏறிவிட்டது. அவர் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேடுவது ஆர்க்கன்ஸ்டோன் என்ற ரத்தினம். அது பில்போ கையில் இருக்கிறது. தன் பங்குக்கு எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார். போர் மூளாமல் இருக்கட்டும் என்று, ராத்திரியோடு ராத்திரியாகப் போய் அதை எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிட்டு, தப்பித்து ஓடாமல் தோரினிடமே திரும்பி வருகிறார். திட்டு வாங்கவும் தயாராக. இந்தப் பகுதியும் இல்லை, அடுத்து வரும் ஐந்து படைகளின் போரும் கேமில் இல்லை.

ஏன் இல்லை? நினைவகம் போதவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் நினைவகம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்த பிறகு வந்த கேம்களையும் பாருங்கள். 2001-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ‘ஹாரி பாட்டர்’ முதல் கேமில் பள்ளிக்கூடம் முழுக்க நடந்து போகலாம், மவுஸால் மந்திரம் வரையலாம், வழியெல்லாம் கலர் கலராக மிட்டாய் பொறுக்கலாம். அதில் அடிக்கடி வரும் ‘ஃப்ளிபெண்டோ’ மந்திரம் நாவலிலேயே கிடையாது. பொருளைத் தள்ளவும் எதிரியை அடிக்கவும் ஒரு பட்டன் தேவைப்பட்டது, அதற்காக உண்டாக்கினார்கள். கேமுக்குச் சேர்ப்பது, எண்ணுவது, தள்ளுவது எல்லாம் சுலபமாக வரும். கையில் இருப்பதை விட்டுக்கொடுப்பதுதான் வராது. விட்டுக்கொடுத்தால் கணக்கில் ஒன்று குறையும், கம்ப்யூட்டர் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும்.

கதையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டோல்கீனே மாற்றியிருக்கிறார். 1937 பதிப்பில் கோல்லம் அவ்வளவு மோசமானவன் இல்லை. புதிர்ப்போட்டியில் தோற்றதும் மரியாதையாக வழி காட்டி அனுப்புவான். பிறகு வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதைக்கு அது ஒத்துவராததால், 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். கோல்லமைக் கொல்ல வாய்ப்பு கிடைத்தும் பில்போ இரக்கப்பட்டுக் கொல்லாமல் தாண்டிக் குதித்து ஓடுகிற இடம் அப்படிச் சேர்ந்ததுதான். ஒரு கதையைத் திரும்பச் செய்யும்போது அது நன்றாகவும் ஆகலாம்.

மெக்லர் பற்றிச் சொல்லிவிட வேண்டும். படிப்பு முடிந்ததும் அந்த நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். கேம் லட்சக்கணக்கில் விற்றது, 1983-ஆம் ஆண்டுக்கான கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதில் சிறந்த உத்தி விளையாட்டாகத் தேர்வானது. அவருக்கு இதெல்லாம் தெரியாது. வேறு கம்ப்யூட்டர் வேலைகளில் இருந்தார், பின்னாளில் முனைவர் பட்டமும் வாங்கினார். தன் கேமை உலகத்தில் இத்தனை பேர் விளையாடினார்கள், தோரினின் பாட்டை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் அவருக்குத் தெரிய வந்தது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ‘தி ஹாபிட்’ கேமை நீங்கள் மறுபடி எழுதுகிறீர்கள், நினைவகம் வேண்டிய அளவு இருக்கிறது. ஆர்க்கன்ஸ்டோனைக் கொடுத்துவிடும் காட்சியை உள்ளே வைக்க வேண்டும். கொடுத்தால் 20 மார்க் என்று போட்டால் எல்லாரும் மார்க்குக்காகக் கொடுத்துவிடுவார்கள். அது பில்போ செய்த காரியம் இல்லை. மார்க் குறையும் என்று போட்டால் ஒருத்தரும் கொடுக்க மாட்டார்கள். மார்க்கே கிடையாது என்று போட்டால், கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் கேமில் என்ன வித்தியாசம் வைப்பீர்கள்? உங்கள் விதியை அரைப் பக்கத்தில் எழுதி, பெயர், வகுப்போடு இந்த ஷீட்டுக்குக் கீழே குண்டூசியால் குத்தி வையுங்கள். புரோகிராமாக எழுதத் தெரிந்தவர்கள் அப்படியும் எழுதலாம். தமிழில் எழுதுகிறவர்கள் “கயிற்றை” என்பதை மறந்துவிட வேண்டாம்.